சாம்பிளுக்குக் கொடுத்த சாமான்

அப்பா பால்ராஜ் போன பிறகு கோவில்பதாகை வீட்டில் எனக்கென்று மிஞ்சியது ஒரு ஜோங்கா. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப். பட்டாளத்தில் அப்பா ஓட்டியதும் அதே ரகம்தான். அவர் வண்டிக்கடியில் படுத்துக் கை நீட்டினால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். தம்பி ஆன்சன் அந்தப் பக்கமே வரமாட்டான், துரைக்குச் சட்டை அழுக்காகிவிடுமாம்.

இப்போது வந்தான். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது என்றான்.

"வண்டி தானா ஓடி கேட்டைத் தாண்டிச்சின்னா நீயே வச்சிக்கோக்கா. இல்லன்னா காயலான் கடைதான்."

பெரிய தர்மப்பிரபு!

வண்டி ஓடாததற்குக் காரணம் ஒரே சாமான், டிஸ்ட்ரிபியூட்டர். பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்ட் அனுப்புவது அதன் வேலை. அடியிலிருந்த பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்துவிட்டது. வண்டியையே செய்வதை நிறுத்திவிட்டார்கள், சாமானுக்கு எங்கே போவது?

மண்ணூர்பேட்டை உலகநாதனிடம் போனேன். பழைய ராணுவ வண்டிகளுக்குச் சாமான் தேடித் தருகிறவர். இந்தத் தொழிலில் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவனும் மதிக்கமாட்டான். உடைந்ததையே சாம்பிளாகக் கொடுக்க வேண்டும். அது கடை கடையாகப் போய், அதற்கு ஜோடி தேடும். நானும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் ஒரே பாட்டு. "உன் சாமானுக்கு செம டிமாண்டுமா. பூந்தமல்லில ஒருத்தன் கேட்டுகினு கீறான், அம்பத்தூர்ல ஒருத்தன் கேட்டுகினு கீறான்."

எவனோ தட்டிக்கொண்டு போய்விடுவானே என்று, "என்ன விலைன்னாலும் விட்டுடாதீங்க" என்றேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

சனிக்கிழமை கூப்பிட்டார். "மாட்டிகிச்சுமா! மிலிட்டரி ஸ்டாக்கு. பிரிக்காத சரக்கு!"

மெழுகுத்தாளில் சுற்றி, பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. மாட்டுவதற்கு முன்பு பெட்ரோல் துணியால் துடைத்தேன். பச்சை கரைந்தது. கீழே சின்னதாக ஒரு சிலுவை.

கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் அப்பா அப்படி ஒரு சிலுவையைக் கீறி வைப்பார், ஒர்க்ஷாப்பில் எவனும் மாற்றிவிடக்கூடாதென்று. பல்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உடைந்த இரண்டு பல்லும் பித்தளைப் பற்றவைப்பில் முளைத்திருந்தன. அடப்பாவிகளா! எனக்கே என் சாமானையா?

போனில் உலகநாதனைக் கிழித்தெடுத்தேன்.

"சிலுவையா? எனக்கு இன்னாமா தெரியும்? நான் பூந்தமல்லி பார்ட்டிகிட்ட சாம்பிள் குடுத்தேன், அவன் வேற யார்கிட்டயோ குடுத்துகீறான். சுத்திகினு திரும்பி வந்துகீது."

"அப்ப கேட்ட மத்த ஆளுங்க?"

"உன் சாம்பிளை வச்சிகினு கேட்டவங்கதான் போலமா."

எனக்குப் போட்டியாக இருந்தவள் நானேதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறு வழியும் இல்லாததால் அதையே மாட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் ஆன்சன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி உறுமியது. கர்த்தரே என்று கியரைப் போட்டேன். நகர்ந்தது. முன்சக்கரங்கள் கேட்டைத் தாண்டின. உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். பித்தளைப் பல் போய்விட்டது. வண்டி பாதி தெருவில், பாதி வீட்டில் நின்றது.

"பாதி வெளிய வந்துடுச்சேடா" என்றேன்.

"தாண்டலையேக்கா" என்றான். கூடப் பிறந்தவன்! வண்டியைத் துண்டு போட்டுக் காயலான் கடைக்கு அனுப்ப, கேஸ் கட்டர்காரனை அவன் முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தான். நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். ஜேசிபிக்கு வழிவிடாமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

அடுத்த வாரம் உலகநாதன் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு கரிசனம்.

"எம்மா, ஒரு ஜோங்காவை வெட்டி சாமான் வந்துகீது. ஸ்டியரிங் சுத்தமா கீது. அடில பாத்தா நீ சொன்ன அதே சிலுவை. உன்னுதாச்சேன்னு மொத ஆளா உனக்குத்தான் சொல்றேன். வேற பார்ட்டியும் கேட்டுகினு கீறான்."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் திட்டிவிட்டுப் போனை வைத்திருக்க வேண்டும்.

"என்ன விலை?" என்று கேட்டேன்.