கை வைத்த நாற்காலி

பிரியதர்ஷினி மூன்றாவது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பின்னங்கால்கள் சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டன. எழுந்து அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு நான்காவதை இழுத்தாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து பூபாலன் உள்ளே வந்தார். அப்பாவின் தம்பி. செய்தி கேட்டு சந்தவாசலிலிருந்து பைக்கில் மலையேறி வந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

"வூட்டுக்குள்ள அண்ணன் படுத்துனு கெடக்கிறாரு. இங்க நீ ஒவ்வொரு நாற்காலியா உக்காந்து எழுந்துக்கினு கீற. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"அவர உக்கார வைக்கத்தான் சித்தப்பா பாக்கறேன். எண்பத்திரண்டு கிலோ. கையால ஆட்டிப் பாத்தா தெரியாது."

கோபால்சாமி விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் கேட்டார். சொம்பு வருவதற்குள் போய்விட்டார். கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி அவரைப் படுக்கவைக்க முடியாது. குளிப்பாட்டி, வேட்டி சட்டை உடுத்தி, வாசல் பந்தலில் தெருவைப் பார்த்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். உடம்பு விறைப்பதற்குள் செய்துவிட வேண்டும். விறைத்துவிட்டால் முழங்கால் மடங்காது. இப்போது மணி ஆறே முக்கால்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த நாற்காலி கோபால்சாமி பர்னிச்சர் கடையிலிருந்துதான் போகும். முப்பது வருஷத்தில் ஒருவரிடமும் அவர் வாடகை கேட்டதில்லை.

"நாற்காலிய நீ பாக்க வேணாம்," என்றார் பூபாலன். "நான் பாத்துக்கறேன்."

"ஏன்?"

"ஏன்னு என் வாயால சொல்ல வெக்காத."

"பரவால்ல, சொல்லுங்க."

"கார்டு விக்கிறவ நீ. உன் கார்டாலதான் எங்கண்ணன் ரெண்டு வருஷமா இந்தக் கடையில ஈ ஓட்டினாரு. அவரு உக்கார்ற நாற்காலில நீ கை வெக்கலாமா? நீயே சொல்லு."

அவள் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் முனகியது.

பிரியதர்ஷினிக்குத் திருப்பத்தூரில் ஒரு கிளப்பில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் ஒரு கார்டு தருவார்கள். சேருகிறவர் எந்த ஏஜென்ட் நம்பரைப் போடுகிறாரோ அந்த ஏஜென்டுக்குக் கமிஷன். கார்டு இருப்பவர்கள் கிளப்பின் படப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டிலோ பீரோவோ சொன்னால், கடைக்காரர் நடுவில் இல்லாமல் கம்பெனியிலிருந்தே பாதி விலைக்கு வந்து இறங்கும். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் மலையில் ஏறாத ஊர் இல்லை. அப்பனும் மகளும் அதனால் பேசாமல் போகவில்லை. பேசினால் அதைத்தான் பேசினார்கள்.

"நாற்காலின்னா உக்காந்து பாத்து வாங்கணும்டி. படத்துல எப்டி உக்காருவ?"

"படத்துல பாதி விலைப்பா."

"மீதிப் பாதி எங்க போச்சாம்?"

"உங்க கல்லாவுல."

"கல்லாவுலதான் போச்சு. நாளைக்குக் கால் ஒடஞ்சா அந்தக் கல்லாகிட்ட வந்து நிப்பான். உன் புத்தகத்துகிட்ட போய் நிக்க முடியுமா?"

தீபாவளிக்கும் இதே பேச்சு, பொங்கலுக்கும் இதே பேச்சு. கறிக்குழம்பு ஆறிவிடும்.

சட்டி பிடித்து முன்னால் நடப்பதும் மண் தள்ளுவதும் சித்தப்பா மகன் இளவரசனுக்குப் போய்விடும். ஒரே பிள்ளையாக இருந்தும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. அப்பாவுக்குச் செய்வதற்கு இந்த நாற்காலி ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது. அதை விட்டுக்கொடுப்பதாக அவள் இல்லை.

பூபாலன் கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்த நாற்காலியை இழுத்துவந்தார். முதுகில் அன்னப்பறவை செதுக்கியது, சிவப்பு வெல்வெட் வைத்தது.

"இதான். தேக்கு. ராஜா மாதிரி உக்காருவாரு."

"நீங்க முதல்ல உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"எண்பத்திரண்டு கிலோ சித்தப்பா. நீங்களும் அவ்ளோ இருப்பீங்க."

அவர் உட்கார்ந்தார். ராஜா மாதிரிதான் உட்கார்ந்தார். எழுவதற்காக வலது பக்கம் ஊன்றினார். கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உக்காந்தா உடையறத எதுக்குக் கண்ணாடிக்குப் பின்னால வெச்சிருக்காரு?"

"யாரும் உக்காரக்கூடாதுன்னுதான்."

பின்கட்டிலிருந்து அவள் கணவன் மோகன் குரல் கொடுத்தான். "பிரியா! குளிப்பாட்டத் தண்ணி விளாவியாச்சு. கை லேசா விறைக்குது. சீக்கிரம்!"

"மாதையண்ணா," என்றாள் அவள். "உள்ள வேற எதுவும் இருக்கா? கை வெச்சது?"

மாதையன் கடையில் இருபது வருஷமாகச் சுமப்பவர், மெருகு போடுபவர். மலைக்காரர். சாமைக் காட்டு வேலை இல்லாத மாதங்களில் முழுநாளும் இங்கேதான். கேள்வி காதில் விழாதது போல அவர் ஷட்டர் ஓரமாகவே நின்றார்.

"உன்னத்தான்டா கேக்கறா," என்றார் பூபாலன்.

"இருக்குதுங்க," என்றார் மாதையன். "தார்ப்பாய்க்கு அடியில ஆறு இருக்குது. ஆனா அது..."

"ஆனா ஆவன்னாலாம் அப்புறம்." பூபாலன் உள்ளே போய்த் தார்ப்பாயை விலக்கி ஒன்றைத் தூக்கிவந்து நடுக்கடையில் வைத்தார். கரும்பழுப்பு நிறம். நேரான முதுகு, அகலமான கைகள். இந்த முறை ஜாக்கிரதையாக உட்கார்ந்து, பிறகு துணிந்து எம்பி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். நாற்காலி வாய் திறக்கவில்லை.

"இதாண்டி கடை சாமான்! எங்கண்ணன் பாத்துப் பாத்து வெச்ச சாமான். உன் புத்தகத்துல கீதா இந்த மாதிரி?"

பிரியதர்ஷினி பார்த்தாள். இரண்டாம் முறை பார்க்கத் தேவையிருக்கவில்லை. புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம், மேலிருந்து இரண்டாவது படம். விரல் வைத்து வைத்து அந்தப் பக்கத்தின் ஓரமே அழுக்காகியிருந்தது.

"மோகனைக் கூட்டுனு வர்றேன்," என்று பூபாலன் உள்ளே போனார்.

அவள் நாற்காலியைக் கவிழ்த்தாள். இருக்கையின் அடியில் கிளப்பின் லேபிளைச் சுரண்டிய இடம் இன்னும் பிசுபிசுத்தது. ஆனால் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியாத நாற்காலி. கம்பெனி நான்கு சின்ன ஸ்க்ரூதான் போடும். இதில் எட்டு, எல்லாம் நீளப் பித்தளை ஸ்க்ரூ. கால்களுக்குக் குறுக்கே வேங்கைச் சட்டம் ஒன்று இழைத்து இறுக்கியிருந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் டயர் ரப்பர் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது.

"மாதையண்ணா."

அவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்த தார்ப்பாய்.

"கார்டு யார் பேர்ல?"

"எம் பேர்லதான் பாப்பா."

எஸ். மாதையன். மலையில் எத்தனையோ மாதையன்கள். எவனோ லாட்ஜ் கட்டுகிறான், அதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டஜன் கணக்கில் எடுக்கிறான் என்று நினைத்திருந்தாள். அந்த மாதையனால்தான் போன வருஷம் ஆபீசில் அதிக விற்பனைக்கென்று அவளுக்கு மேடையில் குக்கர் கொடுத்தார்கள். அந்தக் குக்கரை அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினாள். 'கேஸ்கெட் நல்லாருக்குதா பாரு' என்று மட்டும் சொன்னார்.

"யாரு நம்பர்லயோ சேந்திருக்கலாமே. ஏன் என் நம்பர்ல?"

"மொதலாளிதான் சொன்னாரு. 'பாப்பா நம்பரப் போடுடா, கமிஷன் எவனுக்கோ ஏன் போவணும்'னாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காகத்தான் வாங்கினாராண்ணா?"

மாதையனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அதெப்டி பாப்பா? ஒரு நாற்காலிக்கு ஆயிரத்து முந்நூறு லாபம் நின்னுதே."

சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள், தோள்கள் குலுங்கின. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு தங்கள் குரலையும் கூட்டினார்கள்.

"சும்மா விக்கல பாப்பா," என்றார் மாதையன் அவசரமாக. "வந்ததும் மொத்தமா பிரிச்சிப் போட்ருவாரு. 'படத்துக்குச் செஞ்சதுடா இது, குண்டிக்குச் செய்யல'ன்னுவாரு. சட்டம் வெப்பாரு. வாங்கறவங்க வூட்டுக்கே போய் தரையப் பாத்துட்டு வந்து கால அறுப்பாரு. நம்ம ஊர்ல எந்த வூட்ல தரை மட்டமா கீது?"

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டுந்தான்."

எட்டு மணிக்குக் கோபால்சாமியை உட்காரவைத்துவிட்டார்கள். மார்பின் குறுக்கே ஒரு வேட்டி, நாற்காலி முதுகோடு சேர்த்து. தாடைக்கு ஒரு துண்டு. முழங்கைகளை நாற்காலியின் கைகள்மேல் வைத்து, நெற்றியில் காசை ஒட்டி, மூக்குக்கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு நிமிஷம் விவாதித்து, போட்டே விட்டார்கள். காலைக்கடை திறந்து முதல் ஆளுக்காகக் காத்திருப்பவர் மாதிரிதான் இருந்தார்.

சாந்தம்மாள் கணவரின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"கெட்டியா கீதா?"

"கெட்டியா கீதும்மா."

"உன் புத்தகத்துல எந்தப் பக்கம்னு கண்டுபுடிச்சிட்டியா?"

பிரியதர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவரே சொல்லட்டும்னு வுட்டேன். சொல்லுவாரா? மக ஜெயிச்சிட்டான்னு அந்த வாயால எப்டி வரும்?"

"நான் ஜெயிச்சேனா?"

சாந்தம்மாள் புடவைத் தலைப்பால் கணவரின் கால் பெருவிரலில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்தாள்.

"பாதி," என்றாள்.

பத்து மணிக்குமேல் மலை பூராவும் வந்தது. திருப்பத்தூர் பஸ்ஸில் மாலைகள் வந்தன. மேளக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் வாங்கியவர்கள், மீதிப்பேர் அவரிடம் விலை கேட்டுவிட்டு மகளிடம் வாங்கியவர்கள். கல்பனா இரண்டாம் ரகம். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள். கட்டிப்பிடித்து அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, காதருகே குனிந்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாது பிரியா. அந்தக் கட்டிலு... கார்டு இந்த மாசத்தோட முடியுதாமே?"

கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். பூபாலனுக்கு மட்டும் எல்லாக் கிசுகிசுப்பும் கேட்கும்.

"கேட்டீங்களாய்யா?" அவர் எழுந்துவிட்டார். கடைத்தெருவே பந்தலில் உட்கார்ந்திருந்தது. "சாவு வூட்லகூட கார்டு! அதே கார்டுதான் எங்கண்ணன யாவாரம் இல்லாம உக்கார வெச்சிச்சு. நல்லா பாருங்க அவர! காத்தாலேருந்து ஒரு ஆட்டம் உண்டா, ஒரு சத்தம் உண்டா? கடைக்காரன் குடுக்கற சாமான்னா அது. ஏம்மா பிரியா, உன் கிளப்பு தருமா இந்த மாதிரி நாற்காலி? நாலு பேர் எதிர்ல சொல்லு!"

மேளம் நின்றிருந்தது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. புத்தகம் அவள் பையில் இருந்தது, பை கதவு ஆணியில் தொங்கியது. எழுந்து நாலடி நடந்தால் போதும். இரண்டு வருஷத்துச் சண்டைக்கு ஒரே பக்கத்தில் பதில் இருந்தது. தண்ணீர் டிரம் அருகில் மாதையன் டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டார். வாங்க வந்தவரும் வாங்காமல் நின்றார். சாந்தம்மாள் நிமிரவில்லை.

பிரியதர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடி கொஞ்சம் மூக்கில் இறங்கியிருந்தது. எழுந்து போய் அதைச் சரியாக ஏற்றிவிட்டாள்.

"தராது சித்தப்பா," என்றாள். "இந்த மாதிரி தராது."

பூபாலன் அடுத்து சொல்வதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தார் போலிருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் அழுதது அப்போதுதான்.

"ஏ மேளம்! தூங்கறீங்களா?" என்று யாரோ அதட்டினார்கள்.

கல்பனா ஒன்றும் புரியாமல் விழித்தாள். "அப்ப நான் கட்டில... எடுக்கவா வேணாமா?"

"காரியம் முடியட்டும்க்கா. கடைக்கு வாங்க," என்றாள் பிரியதர்ஷினி. "அதுக்கு முன்னாடி உங்க வூட்டுத் தரைய நான் வந்து ஒருவாட்டி பாக்கணும்."

"தரையவா? எதுக்கு?"

"வர்றேன். வந்து சொல்றேன்."

மூன்று மணிக்குப் பூப்பாடை தயாராகிவிட்டது. மூங்கிலில் இருக்கை மாதிரி கட்டி, சாமந்தியால் மூடியிருந்தார்கள். இளவரசன் சட்டியோடு முன்னால் போய் நின்றான். தூக்குவதற்கு நான்கு பேர் வந்தார்கள். கட்டை அவிழ்க்கப் போன பூபாலன் கையை எடுத்துக்கொண்டு, "நீயே அவுத்து வுடும்மா," என்றார்.

அவள் முடிச்சுகளை அவிழ்த்தாள். உடம்பு நன்றாக விறைத்திருந்தது. "தூக்கு... மெதுவா... கோவிந்தா!" என்று நான்கு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். முழங்கால் மடங்கியபடி, முழங்கைகள் ஊன்றியபடி, கண்ணாடி போட்டபடி, உட்கார்ந்த வாக்கிலேயே கோபால்சாமி மேலே எழுந்து, எல்லாருடைய தலைக்கும் மேலாகப் போனார்.

நாற்காலி வைத்த இடத்திலேயே நின்றது. மேளம் கடைத்தெருவைத் தாண்டும்வரை பிரியதர்ஷினி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.