தெருப்பக்கச் சுவர்

வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அண்ணனின் அறை தெரிந்துவிடும். மாடியில் தெருப்பக்கச் சுவர் முழுவதையும் இடித்துவிட்டதால், மூடி கழன்ற பெட்டி போல உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. நீலச் சுவர், இரும்புக் கட்டில், அவன் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை பிடித்த இடம், மின்விசிறி. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை அது. இப்போது பால்காரரிலிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதே எங்கள் மாடியைப் பார்த்தபடிதான். எனக்கு இரவு வேலை, குளிர்பதனக் கிடங்கில் காவல். விடிந்து வீடு திரும்பும்போது கண் எரியும். அந்த எரிச்சலோடு முதலில் பார்ப்பது இந்த அறையைத்தான்.

இடிக்கச் சொன்னது என் மனைவி. குழந்தை பிறந்ததிலிருந்து தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். "வயித்துல இருக்கும்போதே மேல யாரோ இருமுற மாதிரி கேக்கும். புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு அதக் கேக்க என்னால முடியாது. அந்த ரூம் போகட்டும், நான் வரேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. ஒரு நாள் காலையில் கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துக் குப்பி கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. காரியங்கள் முடிந்ததும் அம்மா புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினாள். அதன்பிறகு மாடிப்படியில் அவள் கால் வைக்கவில்லை. இடிக்கப் போகிறோம் என்று நான் சொன்னபோதும் "செய்யிறதச் செய்" என்றாள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எந்தக் கட்டட வேலை என்றாலும் ஒரே காண்ட்ராக்டர்தான். தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். முதல் நாள் ஆட்களோடு வந்து தெருப்பக்கச் சுவரைத் தள்ளினார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இது காண்ட்ராக்டர்களின் பழைய வித்தை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சுவரைத் தட்டிவிட்டுப் போனால் போதும், வீடு அவர்கள் கைக்குள் வந்துவிடும். நான் வேறு ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் தெருவில் நின்றே மேலே பார்த்தார். "அவரு கை வெச்ச எடம் தம்பி. எனக்கு எதுக்கு வம்பு?" என்று வண்டியைத் திருப்பினார்.

மறுபடி பழையவருக்கே போன் செய்தேன். "நாளைக்கு வந்துடுறேன் தம்பி."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"நேத்து சொன்னது இன்னைக்கு. இப்ப சொல்றதுதான் நாளைக்கு."

மனைவியும் தினமும் கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ஆரம்பிச்சாச்சா?"

"நாளைக்கு."

"அந்தாளு வியாதி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" குழந்தை சிணுங்குவது கேட்டது. "அப்பா இங்கயே ஒரு வீடு பாத்திருக்காரு. இந்த மாசம் போனா நான் புள்ளையோட அங்க போயிடுவேன். வர்றதா இருந்தா வாங்க. வரலன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

அதே நாட்களில்தான் அம்மா மாடிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு காலை தெருவிலிருந்து பார்த்தபோது, செங்கல் துண்டுகளைக் கூட்டி ஓரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் கட்டிலில் துவைத்த விரிப்பு. பிறகு, அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியிலிருந்து மூன்றடி தள்ளி, தரை முடிந்து ஆகாயம்.

"விழுந்து தொலைக்கப் போறம்மா."

"எங்கடா விழுறேன்? உக்காந்துதான இருக்கேன்."

கடைசியில் காண்ட்ராக்டரை இன்னொரு வீட்டு வேலையில் பிடித்தேன். சாரத்துக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டேன்.

"சாவியக் குடு தம்பி."

"நாளைக்குத் தரேன்."

மேலே நின்ற ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார், நானும் போனேன். தொட்டியில் கையை முக்கி, விரலிடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா உன்கிட்ட சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்குச் சுவர் விழுந்து தூசி அடங்கினதும் மேல வந்தாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. 'இவ்ளோ காத்து வருதேப்பா'ன்னாங்க. அப்புறம், 'கொஞ்ச நாள் இப்படியே கெடக்கட்டும். புள்ள நல்லா மூச்சு விட்டுக்கட்டும். பொறவு இடிச்சுக்க'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க."

"எத்தன நாளு?"

"நான் கேக்கல." கையை உதறினார். "அந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ரோட்டுத் தூசி பையனுக்கு ஆகலன்னு அடைக்கச் சொன்னது அவங்கதான். அடைச்சது நானு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்ற?"

ஜன்னல் எனக்கு ஞாபகம் இருந்தது. அதை அடைத்த அன்று அண்ணன் விளக்கைப் போட்டு, "இனிமே எனக்குப் பகலும் ராத்திரிதான், உன்ன மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான். சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்குக் காலைல வாங்க" என்றேன்.

"வரேன்" என்றார். அந்த மனிதர் முதல்முறையாக நாளைக்கு என்று சொல்லவில்லை.

சொன்னபடி வந்திருந்தார். நான் வேலை முடிந்து வரும்போது இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு வாசலில் நின்றார்கள். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். "தூங்குறாங்க. நீயே போய் எழுப்பு."

போனேன். அந்த அறைக்கென்று இருந்த மருந்து வாடை இல்லை. மண் வாசனையும் தெருவின் புகையும்தான் இருந்தன. அம்மா கட்டிலில் ஒருக்களித்து, ஆகாயப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். தலைக்கு மேலே விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இடிப்பதற்கு முன்பே அந்த அறையின் மின் இணைப்பை நான்தான் துண்டித்தேன். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுக்காமலே தெரிந்தது, மனைவி கேட்கப்போவது ஒரே கேள்வி.

"அம்மா" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பை உள்பக்கச் சுவரோரம் நகர்த்தி, ஓர் ஆள் படுக்கும்படி இடம் விட்டாள். "வா" என்றாள், எப்போதும் அண்ணனைக் கூப்பிடும் குரலில்.

கீழே யாரோ சம்மட்டியைத் தரையில் வைத்தார்கள். கைபேசி நின்று, மறுபடி அதிர ஆரம்பித்தது. கட்டிலில் அந்தப் பாதி காலியாகவே கிடந்தது. விரிப்பின் ஓரம் காற்றில் எழுவதும் தணிவதுமாக இருந்தது.