வடக்கு வரிசை

டாக்டர் பார்கவிக்குத் தலை சுற்றியது. மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சுற்றினால் நியாயம். அவர்களைப் பற்றி எழுதிப் பார்த்தவளுக்கே சுற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

மேற்படிப்புக்காக அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி காதுக்கு எளிதாகத்தான் இருந்தது. மாதம் நிறையும் முன்பே பிரசவ வலி கண்டு வருகிற பெண்களுக்குக் கர்ப்பப்பையின் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மாத்திரை. ரத்தக் கொதிப்புக்கு எல்லாரும் கொடுக்கிற அதே மாத்திரைதான். இந்த வலிக்கும் அது கேட்கிறது என்று தொண்ணூறுகளில் வெளியூர் டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதில் மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். குறைந்த அளவா, கூடுதல் அளவா? அதைப் பாளையங்கோட்டையில் ஒரே ஒரு வார்டை வைத்துக்கொண்டு தீர்த்துவிடலாம் என்று பார்கவி கிளம்பியிருந்தாள். கல்லிடைக்குறிச்சிப் பெண், படிப்பில் புலி. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

வருகிற பெண்ணிடம் விவரம் சொல்லுவாள். சம்மதித்தால் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுவாள். சீட்டில் உள்ள அளவுதான் அந்தப் பெண்ணுக்கு. மாத்திரை ஆள் மாறிப் போய்விடக் கூடாதென்று வார்டு சிஸ்டர் பெர்சிஸ் ஒரு வசதி செய்து வைத்தார். குறைந்த அளவுக்காரர்களுக்குத் தெற்குச் சுவரோரக் கட்டில்கள், கூடுதல் அளவுக்காரர்களுக்கு வடக்குச் சுவரோரக் கட்டில்கள். எல்லாக் கட்டிலுக்கும் தலைமாடு சுவர்ப் பக்கம், கால்மாடு நடைபாதைப் பக்கம். கால்மாட்டில் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். பிள்ளையின் பாரம் கீழே அழுத்தக் கூடாதென்று அப்போதெல்லாம் அதுவும் வைத்தியத்தில் சேர்த்தி.

தெற்கு வரிசையில் பெரும்பாலும் வலி அடங்கியது. வடக்கு வரிசையிலோ, அடங்குவதுபோல் அடங்கிவிட்டு மறுபடி வந்தது. போதாததற்கு எழுந்தால் மயக்கம். மாத்திரையைக் கூட்டினால் பலன் குறையுமா? எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. வயது, எடை, ரத்தம், முந்தைய பிரசவம் என்று எல்லாவற்றையும் அலசிப் பார்த்தாள். இரண்டு வரிசைக்கும் ஒரு வித்தியாசமும் தட்டுப்படவில்லை. பேராசிரியை சாரம்மாளிடம் போனால், எனக்கும் புரியவில்லை, தொடர்ந்து பார் என்றார். அவருக்கும் புரியவில்லை என்பதில் பார்கவிக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் கங்கைகொண்டானிலிருந்து தங்கத்தாய் வந்து சேர்ந்தாள். பீடி சுற்றுகிறவள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து தங்காமல் போயிருந்தன. இதுவும் ஏழாம் மாதம். சீட்டை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். கூடுதல் அளவு வந்தது. கூடுதல் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பார்கவி சீட்டை வாங்கிக்கொண்டு வடக்கு வரிசையில் ஒரு கட்டிலைக் காட்டினாள்.

முதல் நாள் வலி நின்றது. மறுநாள் மத்தியானம் திரும்பிவிட்டது என்று பெர்சிஸ் சிஸ்டர் சொல்லியனுப்பினார். பார்கவி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். ரவுண்ட்ஸ் நேரத்தைத் தவிர அவள் வார்டுக்குள் நுழைந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தெற்கு வரிசை சரியாகத்தான் இருந்தது. வடக்கு வரிசையில் அத்தனை பேரும் தலையை நடைபாதைப் பக்கமும் காலைச் சுவர்ப் பக்கமுமாக மாற்றிப் படுத்திருந்தார்கள். செங்கல் வைத்து உயர்த்திய பக்கம் எல்லாருடைய தலையும் இருந்தது. கால்கள் சரிவில் கீழே.

"ஏன் தங்கத்தாய், இப்படித் திரும்பிப் படுத்திருக்கே?"

"நீங்க வரும்போது சரியாத்தான் படுக்கோம் டாக்டரம்மா. போனதும் திரும்பிக்கிடுதோம். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு வடக்க தலை வைக்கலாமா? ஏற்கெனவே ரெண்டு போயிட்டுல்லா."

பக்கத்துக் கட்டில் மஹ்மூதா பீவிக்கு வடக்கு தெற்கு என்று ஒன்றும் கிடையாது. எல்லாரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் அவர்கள் காலோடா பேசுவது என்று திரும்பிக்கொண்டாளாம். பெர்சிஸ் சிஸ்டர், ஃபேன் காற்றுக்காகத்தான் திரும்புகிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பார்கவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடுதி அறைக்கு வந்த அன்று, தலைமாடு வடக்கே இருந்ததென்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே தன் கட்டிலைத் திருப்பிப் போட்டவள் அவள். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. இந்தப் பெண்களால் கட்டிலைத் திருப்ப முடியாது, உடம்பைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இது தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவமானமாக இருந்தது.

அவமானப்படவும் நேரமில்லை. தங்கத்தாயின் வயிற்றில் கை வைத்தாள். வயிறு கல்லாக இறுகித் தளர்ந்தது. இப்போது எதை மாற்றுவது? கூடுதல் மாத்திரைதான் கெடுக்கிறதா, தலை மேலே கால் கீழே கிடப்பது கெடுக்கிறதா? செங்கலால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று இதுவரை யார் பார்த்தார்கள்? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். செங்கலை மட்டும் இடம் மாற்றிவிட்டு மாத்திரையை அப்படியே விடலாம். படித்த படிப்பு அதைத்தான் சொல்லியது. பேராசிரியையிடம் கேட்கலாம் என்றால் அவர் மதுரைக்குப் போயிருந்தார்.

கைக்குக் கீழே வயிறு மறுபடி இறுகியது. தங்கத்தாய் பார்கவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்கவி இரண்டையும் மாற்றினாள். செங்கலைக் கட்டிலின் சுவர்ப் பக்கக் கால்களுக்குக் கொடுக்கச் சொன்னாள், மாத்திரையைக் குறைத்தாள். இனி எது கேட்டது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் வலி தணிந்தது. மாதம் நிறைந்து, குரலெடுத்து அழுகிற ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்கவி பிரசவ அறைக்கு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வடக்கு வரிசையில் அதுவரை எழுதியது எதற்கும் உதவாது, முதலிலிருந்து தொடங்கு என்று சாரம்மாள் சொன்னபோதுகூட அவளுக்கு வருத்தம் வரவில்லை. கட்டில்களையெல்லாம் கிழக்கு மேற்காகப் போட்டு, எல்லாருக்கும் ஒன்றுபோல் செங்கல் கொடுத்து, மறுபடி சீட்டு மடித்தாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு தங்கத்தாய் மறுபடி வந்தாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கூட அவள் தங்கச்சி, ஏழாம் மாதம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்கவி எப்போதும்போல விவரம் சொல்லி டப்பாவை நீட்டினாள்.

"சீட்டெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா. எனக்குச் செஞ்சதையே இவளுக்கும் செய்யுங்க."

வேண்டாம் என்றால் வேண்டாம், சீட்டு எடுக்காவிட்டாலும் வைத்தியம் உண்டு என்று பார்கவி சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஆனா உனக்குச் செஞ்சதுல எது கேட்டுச்சுன்னு எனக்கே தெரியாது தங்கத்தாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சீட்டு."

தங்கத்தாய் கோபப்படவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க கண்டுபிடிக்கதுக்கு என் தங்கச்சிதானா கெடச்சா?"

யாராவது ஒருத்தியின் தங்கச்சியாகத்தானே இருக்க வேண்டும் என்று பார்கவி சொல்லவில்லை. சிஸ்டரிடம் குறைந்த அளவு மாத்திரையே எடுத்து வரச் சொன்னாள். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு வலி அடங்கிவிட்டது. கூடுதல் அளவு கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கேட்டிருக்குமோ என்கிற சந்தேகம் பார்கவிக்கு அடங்கவில்லை.