ஒரு பல் திரும்பியிருந்தது

கொரோனா என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். போனது, ஆனால் தன் மூட்டைமுடிச்சை என்னிடமே வைத்துவிட்டுப் போயிருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். குளித்துவிட்டு வந்தாலே ஒரு நாள் வேலையை முடித்தவள்போல் படுத்துவிடுவேன். பேச்சின் நடுவில் சொல்ல வந்த வார்த்தை காணாமல் போகும். "இன்னுமா சரியாகல?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், பொழுது போகாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா திரும்பவில்லை.

நாங்கள் பல்செட் செய்கிறவர்கள். கீழ்வீட்டில் அக்காவும் மாமாவும், மேலே பட்டறையும் நானும். பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு நீள மேசை, இரண்டு ஸ்டூல், நடுவில் மெழுகு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு. அந்த மேசையில் நாங்கள் காலமெல்லாம் சண்டை போட்டது ஒரே ஒரு பல்லுக்காக. நான் பற்களை நூல் பிடித்ததுபோல் நடுவேன். அக்கா மட்டும் மேல்வரிசையில், நடு முன்பற்களுக்கு இடப்பக்கம் இருக்கும் பல்லைத் துளி உள்ளே திருப்பி வைப்பாள்.

"எல்லாம் நேரா நின்னா செஞ்சு வச்சதுன்னு பாத்ததும் தெரிஞ்சுடும்டி."

"கோணலா வச்சா டாக்டர் திருப்பி அனுப்புவார்."

"அவர் அனுப்பட்டும். போட்டுக்கறவங்க அனுப்ப மாட்டாங்க, அவசரக்குடுக்கை."

அவசரக்குடுக்கை நான்தான். மெழுகு தானாக ஆறும்வரை எனக்குப் பொறுக்காது, வாயால் ஊதுவேன். ஊதினால் மெழுகு சுருங்கிப் பல் நகர்ந்துவிடும். அதற்கும் திட்டு வாங்குவேன். அவளுக்குத் தெரியாமல் நானும் அப்படித் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறேன். என் கைக்கு அது வந்ததே இல்லை.

அக்கா போனபின் பட்டறையைத் திறந்த முதல் வாரம் அது. மெழுகை விளக்கில் காட்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வரும்போது, மேசைமேல் கிடந்த வெயில் சுவருக்குப் போயிருந்தது. எனக்கு முன்னால் ஒரு மேல்வரிசை முழுதாக முடிந்திருந்தது. நான் நட்ட ஞாபகமே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பல் துளி உள்ளே திரும்பியிருந்தது.

அக்காவின் ஸ்டூல் மேசையை விட்டு வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அவளுடைய மெழுகுக் கத்தி அவள் பக்கத்தில் கிடந்தது. தொட்டேன், சூடு ஆறவில்லை.

கீழே ஓடிவிடலாம் என்று எழுந்தவள், ஓடாமல் அங்கேயே நின்றேன். பயத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பானேன்?

பிறகு மறுபடியும் வந்தாள். மறுபடியும் மறதி, மறுபடியும் திரும்பிய பல். எப்போதெல்லாம் உடம்பை அளவுக்கு மீறி வருத்துகிறேனோ அப்போதெல்லாம் அந்த மறதி மூட்டம்போல் தலைக்குள் இறங்குகிறது என்று கண்டுபிடித்தேன். டாக்டர் இதைத்தான் எச்சரித்திருந்தார்: "கொரோனா வந்து போன சிலருக்கு இப்படித்தான்மா இருக்கு. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க." நான் உட்காரவில்லை. காலையில் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவேன். கண் இருட்டும்வரை ஏறிவிட்டு, மூச்சு வாங்க வந்து மேசைமுன் அமர்ந்து, அக்காவுக்காகக் காத்திருப்பேன்.

மாமா பஸ் ஓட்டுகிறவர். மதியம் வண்டியை விட்டுவிட்டு வந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். அப்படி வந்த ஒரு மதியம் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். நினைவு வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. அவர் எதிரே வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல. டாக்டர்கிட்ட காட்டலாம்னு வீடியோ எடுத்தேன்" என்று போனை நீட்டினார்.

நான்தான். அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவைப்போலவே இடது காலை மடித்து மேலே வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நிதானமாக வேலை செய்ததில்லை. நடுவில் தலை நிமிராமல், காலியாக இருக்கும் என் ஸ்டூலிடம் சொல்கிறேன்: "ஊதாதடி. தானா ஆறட்டும்." குரல் என்னுடையது. அதட்டல் அவளுடையது. என் வேலைக் கோட்டின் கை சுடருக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் போகிறது. மாமாவின் கை உள்ளே வந்து விளக்கை அணைக்கிறது.

படிக்கட்டு விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தினார். அதற்குமுன் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. "துணி பத்தியிருந்தா? இன்னொருத்தியையும் நான் கொண்டுபோய் விட்டுட்டு வரணுமா?"

இனி செய்யமாட்டேன் என்றேன்.

டாக்டர் வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். "மறதி, களைப்பு நிறைய பேருக்கு இருக்கு. இது எனக்குப் புரியலைம்மா. துக்கமும் சேந்திருக்கலாம். ஓய்வு எடுங்க" என்றார். எடுத்தேன். மாமா பக்கத்தில் இருந்தால்தான் விளக்கு எரியும், மற்ற நேரம் பிளாஸ்டர் வேலை மட்டும் என்று ஏற்பாடு. தினமும் சாப்பாட்டை வைத்துவிட்டு, "இன்னைக்கு வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்பேன். சாயங்காலங்களில் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து, மாமாவின் போனில் ஓடும் என் குரல் மேலே வரும். "ஊதாதடி. தானா ஆறட்டும்." மறுபடியும் அதே.

உடம்பு மெல்லத் தேறியது. வார்த்தைகள் திரும்பி வந்தன. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தாலும் தலை தெளிவாக இருந்தது. பற்களெல்லாம் நேராக நின்றன. அக்காவின் ஸ்டூலில் காலை மடித்து உட்கார்ந்து, அவள் கத்தியால் ஒரு பல்லைத் திருப்பிப் பார்த்தேன். விழப்போகிற பல்போல் இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு அழுதேன். எல்லாரும் என்னைப் பார்த்து நன்றாகத் தேறிவிட்டாய் என்றார்கள்.

நேற்று மாமா சாப்பாட்டை வைத்தார். மேசையிலிருந்த மேல்வரிசையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பல்லைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர், அந்த இடப்பக்கத்துப் பல்லில் நிறுத்தினார்.

"இன்னைக்கும் வரலையா?"

அவர் இவ்வளவு நாளும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்ல மாமா."

"நல்லதுதான்" என்றார். போகவில்லை. என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், வாசலுக்கு வெளியே தெரிந்த மாடிப்படியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை" என்றார். "விளக்கை நான் பாத்துக்கறேன்."

நான் அக்காவின் ஸ்டூலிலிருந்து எழுந்து, மறுபடி ஏறுவதற்காகப் படி இறங்கத் தொடங்கினேன்.