யானைக்கு முதுகு தேய்த்த விடுமுறை

மூட்டைக்காரருக்கு அந்த ரிசார்ட்டில் முதலில் பிடிக்காமல் போனது கட்டில்தான். உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்தது. மீசை அரும்பிய நாள் முதல் குடோனில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன முதுகுக்கு அந்த மெத்தை ஒத்துவரவில்லை. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். போகட்டும், பகலில் தூங்கிக்கொள்ளலாம், அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அனுப்பி வைத்தது மகள். ஆபீஸ் வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு ஒரே பல்லவி, அப்பாவையும் அம்மாவையும் ஒரு நல்ல இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. போனில் படங்களைக் காட்டினாள். காட்டுக்கு நடுவில் மரவீடு, பக்கத்திலேயே ஆறு, ஆற்றில் யானை. மூட்டைக்காரர் யானையைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஓர் ஆள் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத்தான் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டார்.

விடிந்தும் விடியாததுமாகக் கதவு தட்டும் சத்தம். திறந்தால், ரிசார்ட் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் இரண்டு காக்கிச் சட்டைகள்.

"குட் மார்னிங் சார்! இன்னிக்கு நீங்கதான் பாகன்!"

"ஏன், பாகன் லீவா?"

"இல்ல சார், அவரும் இருப்பாரு. 'யானையோடு ஒரு நாள்'னு உங்க பொண்ணு புக் பண்ணியிருக்காங்க. தழை தூக்கிட்டு வந்து போடலாம், குளிப்பாட்டலாம், அது போடற லத்தியை அள்ளலாம்..."

"இதுக்கெல்லாம் ஆள் வெச்சுக்கலயாம்மா?"

"சார், இதுதானே அனுபவம்!"

"அந்த அனுபவம் எனக்கு வேண்டிய மட்டும் இருக்கும்மா."

பின்னாலிருந்து மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அதற்குள் ஒரு காக்கிச் சட்டையை வாங்கி மாட்டியும்விட்டாள். "வாய மூடிக்கிட்டு வாங்க. புள்ள ஆசை ஆசையா பண்ணியிருக்கா. போட்டோ அனுப்பலன்னா முகம் சுண்டிப் போயிடும்."

அதுதான் சங்கடம். எனக்கு யானை வேண்டாம் தாயே, தூக்கம்தான் வேண்டும் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தழைக்கட்டு மலைபோல் குவிந்திருந்தது. வேறொரு இளஞ்ஜோடி, ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடக்கூடிய தழைக்கட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நான்கடி நடந்து, கீழே போட்டு, விழுந்து விழுந்து சிரித்தது. மூட்டைக்காரருக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இதைச் சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் படுக்கலாம். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். இருப்பதிலேயே பெரிய கட்டாகப் பார்த்து, ஒரு எம்பு எம்பித் தலைக்கு ஏற்றி, விறுவிறுவென்று நடந்து யானை முன்னால் போட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ரிசார்ட் பெண் ஓடிவந்தாள்.

"சூப்பர் சார்! ஆனா வீடியோ ஆன் ஆகல. அந்தக் கட்டை மறுபடி அங்கிருந்து தூக்கிட்டு வாங்களேன்."

"போட்ட சரக்கையா?"

"ப்ளீஸ் சார்."

குடோன் முதலாளிகூட இறக்கிய மூட்டையைத் திரும்ப ஏற்றச் சொன்னதில்லை. இவர் ஏற்றினார். அந்த முறை வெயில் முகத்தில் விழுந்துவிட்டதாம். இன்னொரு முறை ஏற்றினார். அப்போது யானையே பொறுமையிழந்து, கட்டு அவர் தலையில் இருக்கும்போதே தும்பிக்கையை நீட்டி உருவித் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"இதுக்காவது புத்தி இருக்கு" என்றார் மூட்டைக்காரர்.

பிறகு ஆறு. யானை தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்தது. அவர் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். கரைப் பாறையில் ஓர் ஆள் கைகட்டி உட்கார்ந்து யானைக்கு மட்டும் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நிஜப் பாகன்.

"ஏம்ப்பா, உனக்கு இங்க என்னதான் வேல?" என்று தேய்த்துக்கொண்டே கேட்டார் மூட்டைக்காரர்.

"உங்களப் பாத்துக்கறதுதாண்ணே. காது பின்னால அழுத்தித் தேய்ங்க, அங்க அழுக்கு நிக்கும்."

"முன்னாடி யாரு தேய்ச்சா?"

"நாந்தான். இப்ப விருந்தாளிங்க தேய்க்கறாங்க."

"குடுத்து வெச்சவன்யா நீ. எங்க குடோனுக்கும் இப்படி நாலு பேரு ஆசப்பட்டு வந்தா, நானும் பாறையில உக்காருவேன்."

"நீங்க வேறண்ணே. இவங்க தேய்ச்சுட்டுப் போனப்பறம் நான் மறுபடி தேய்ச்சாதான் இது எந்திரிக்கும். ரெட்டை வேல."

அந்த நேரம் பார்த்து மனைவி போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். திரையில் மகள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அப்பா! எப்படி இருக்கு? ஒரு சர்ப்ரைஸ்! இன்னும் ஒரு நாள் சேர்த்து புக் பண்ணிட்டேன். நாளைக்கு யானையோட காட்டுக்குள்ள போய் விறகு தூக்கிட்டு வரலாம்!"

மூட்டைக்காரரின் கை அப்படியே நின்றது.

"பாப்பா, ஊர்லயும் தூக்கறேன், இங்க வந்தும் தூக்கறேன். நாளைக்கு விறகு வேறயா? எனக்குத் தூக்கம் வருது பாப்பா. வேற ஒண்ணுமே வேணாம்."

மகளின் சிரிப்பு கரைந்தது. "நீங்க லீவு நாள்ல ஒரு நிமிஷம் உக்காந்து நான் பாத்ததே இல்லயேப்பா. கொடிக்கயிறு கட்டுவீங்க, கதவ இழைப்பீங்க, எதிர்வீட்டு பீரோவத் தூக்கிக் குடுப்பீங்க. சும்மா இருந்தா உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிடும்னுதான் இதச் சேர்த்தேன்."

"படுக்க விட்டாத்தானே! பகல்ல கொஞ்சம் முதுகச் சாய்ச்சா, உங்கம்மா நெத்தியில கைய வெச்சுப் பாப்பா. மாத்திரையும் வெந்நீருமா வந்து நிப்பா. நீ சின்னதுல 'அப்பாவுக்கு என்ன ஆச்சு'ன்னு அழுவ. இதுக்கு பீரோ தூக்கறதே தேவலன்னு எந்திரிச்சுடுவேன்."

"அக்கறையா பாத்தது குத்தமாப் போச்சா?" என்றாள் மனைவி.

மகள் திரையில் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "யானையும் புடிக்கலயாப்பா?"

"யானை தங்கமான யானை. அதும்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

"நாளைக்குப் புக் பண்ணதைக் கேன்சல் பண்ணிடறேன்" என்றாள். "முதல்ல போய்ப் படுங்க."

மூட்டைக்காரர் கரையேறினார். அறைக்குப் போனால் அந்த மெத்தை. மர நிழலில் மணல் கெட்டியாகக் கிடந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி விரித்து நீட்டிப் படுத்தார். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது.

மனைவி பின்னாலேயே வந்து குனிந்தாள். கை தானாக அவர் நெற்றிக்குப் போனது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பாதி வழியில் நின்ற கை, இல்லாத ஈ ஒன்றை விரட்டிவிட்டுத் திரும்பிப்போனது.

அவர் ஆற்றில் விட்டுவந்த பிரஷ்ஷும் கையுமாக ரிசார்ட் பெண் மூச்சிரைக்க வந்தாள். "மேடம், அடுத்தது லத்தி அள்ளணும்... ஐயோ, சாருக்கு என்ன ஆச்சு? டாக்டரக் கூப்பிடவா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூங்கறாரு."

"இந்த நேரத்துல தூங்கறது நம்ம புரோகிராம்ல இல்லயே மேடம்."

"இனிமே சேத்துக்கம்மா. பிரஷ்ஷ இப்படிக் குடு, அந்தக் காத நான் தேய்க்கறேன்."

"சார் முகத்தோட ஒரே ஒரு போட்டோ மட்டும்..."

"தூங்கறவன் தலமாட்டுல நின்னா பஞ்சாயத்து பண்ணுவீங்க?" என்று கண்ணைத் திறக்காமலே சீறினார் மூட்டைக்காரர்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்க நடந்தார்கள்.