க்ராவ்ஹோர்னுக்கு இரண்டு படுக்கை

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. பிரிக் என்ற மலையூரின் ரயில் நிலையக் காப்பிக்கடையில் பக்கத்து மேசைப் பெண் போனில், "செவ்வாய்க்கிழமை அவன் அங்க வந்திருந்தானா?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். அவள் காலடியில் பனிச்சறுக்குப் பலகைகள் கிடந்தன. மே மாதத்தில் பலகை தூக்கித் திரிகிறவர்கள் விடுதிச் சரிவுகளில் விளையாட வந்தவர்கள் இல்லை, உயர்ந்த மலைகளின் ஆட்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், அதுகூடத் தெரியாதா?

புருஷனைப் பற்றிய சந்தேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி எப்போதும் அந்தப் பக்கம்தான் போகும்.

2

முதல் தொடக்கம்: "ஆல்பனை நம்பாமலிருக்க வெரேனாவுக்கு ஒரு காரணமும் இல்லை, ஆனாலும்"

வேண்டாம். "ஆனாலும்" வந்தவுடன் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.

இரண்டாவது: "உருகும் பனியின் வாசனை சமையலறைக்குள்"

பனிக்கு ஏது வாசனை? அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். வெரேனாவுக்கு நாற்பத்து மூன்று வயது, தபால் பேருந்து ஓட்டுகிறாள். ஆல்பன் கேபிள் கார் மெக்கானிக். பன்னிரண்டு வருடமாக இருவரும் சேர்ந்துதான் மலையேறிச் சறுக்குகிறார்கள். (நீங்கள் நினைப்பது இல்லை. ஊரும் நினைத்துப் பார்த்துச் சலித்துவிட்டது.) வரும் ஞாயிற்றுக்கிழமை க்ராவ்ஹோர்ன் மலையின் வடக்குச் சரிவில் இறங்குவதாகத் திட்டம். நாலு வருடமாகத் தள்ளிப்போன ஆசை.

3

வெள்ளிக்கிழமை பிற்பகல், வெரேனாவின் சமையலறை மேசையில் வரைபடம் விரித்திருந்தது. ஒரு மூலையில் கம்பு ரொட்டி, எதிர் மூலையில் ஆல்பனின் முழங்கை.

"உச்சியில ஒன்பது மணிக்கு நிக்கணும். பத்தரைக்குள்ள கீழ வந்துடணும்," என்றான். ராத்திரி உறைந்த பனி காலையில் மேலாக ஒரு விரல் இளகும்போது இறங்கினால் சொர்க்கம். வெயில் ஏறிய பிறகு இறங்கினால் சரிவின் பனியெல்லாம் கூடவே சரிந்து வரும்.

"ராத்திரி மேகம் போட்டுச்சுன்னா?" என்றாள் வெரேனா.

"வானிலையில குளிர் வரும்னு போட்டிருக்கானே."

"குளிர் வந்தா மட்டும் போதுமா? மேகம் மூடினா பனி உறையாது. போன வருஷம் நீயே தர்மாமீட்டரைப் பாத்து ஏமாந்தியே. இடுப்பளவு பனிச்சேத்துல நடந்தோமே!"

"சரிம்மா தாயே, வானத்தையும் பாக்கறேன்." பென்சிலால் ஓரிடத்தைத் தட்டினான். "மலையோட தோளுக்குக் கீழ இடது பக்கம் போகக்கூடாது. அங்க பனி உள்ளுக்குள்ள பொக்கையா இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேமராவுல பாத்தேன்."

வானிலை பார்க்க மலையில் வைத்திருக்கும் அந்தக் கேமரா தெற்குச் சரிவை மட்டும்தான் காட்டும். அது வெரேனாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆல்பன் எழுந்து, காரில் கயிறு இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று வெளியே போனான்.

(ஆசிரியர் குறுக்கீடு: கேமரா பொய் கொஞ்சம் மட்டமான பொய். இதைவிட நல்ல பொய் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் நல்லவர்கள் மட்டமாகத்தான் பொய் சொல்வார்கள். இல்லை, அவன் நல்லவன் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.)

4

அவன் வெளியே போன இடைவெளியில் வெரேனா, மலையேறுகிறவர்கள் இரவு தங்கும் மலைக்குடிலுக்குப் போன் செய்தாள். குடிலை நடத்துகிற கிரெசென்ஸ் எடுத்தாள்.

"சனிக்கிழமைக்கு ரெண்டு படுக்கை வேணும், கிரெசென்ஸ். எனக்கும் ஆல்பனுக்கும்."

"மறுபடியுமா? அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா? செவ்வாய்க்கிழமைதான் வந்து ஒரு சட்டி சூப்பைத் தனியாளா காலி பண்ணிட்டுப் போனான்."

செவ்வாய்க்கிழமை சீயோன் நகரில் பல் வைத்தியரிடம் போயிருந்ததாக அவன் சொல்லியிருந்தான்.

"ஏட்டுல என்ன எழுதியிருக்கான்?"

இந்த மலைகளில் யாரும் எதிலும் பொய் சொல்லலாம், குடில் ஏட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் வந்தவன்கூட அதில் உண்மையைத்தான் எழுதுவான். ஆள் திரும்பாவிட்டால் மீட்புக்காரர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். அந்தப் பழக்கம்தான் ஆல்பனைக் காட்டிக்கொடுத்தது.

"இரு... ஆல்பன். ஆள் ஒண்ணு. போற இடம், க்ராவ்ஹோர்ன் வடக்கு. அவசரத்துக்குக் கூப்பிட..." கிரெசென்ஸ் நிறுத்தினாள். "உன் நம்பர்தான்டி எழுதியிருக்கான்."

வெரேனாவுக்குக் கோபம் வந்தது. ஏறுவதைச் சொல்ல மாட்டான். செத்தால் பிணத்தை அடையாளம் காட்ட மட்டும் அவள் வேண்டும்!

5

அவன் ஏன் போனான்? மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

வடக்குச் சரிவில் நான்தான் முதலில் இறங்கினேன் என்று பெருமையடிக்கப் போனான். (அற்பம். ஆனால் மலைக்காரர்களிடம் இந்த அற்பம் நிறைய உண்டு.)

வேறொரு துணையைப் பழக்கிப் பார்க்கப் போனான். (ஏட்டில் ஆள் ஒன்று என்றிருக்கிறது. அந்த ஏட்டைத்தான் கொஞ்ச நேரம் முன் புகழ்ந்து தள்ளினேன்.)

அவளுக்கு ஆபத்து வரக்கூடாதென்று முன்கூட்டியே பார்த்துவரப் போனான். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகப்பட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்பனை மட்டும் சந்தேகப்பட வைத்து உங்களை ஏமாற்றிவிட்டேன். வெரேனாவும் ஒன்றை மறைத்திருக்கிறாள். மார்ச் மாதம் வலது முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாள். ஆல்பனிடம் காய்ச்சல் என்று சொன்னாள். இன்னொரு ஊசியை இந்த வியாழக்கிழமை, அதாவது நேற்று, போட்டுக்கொண்டாள்.

6

ஆல்பன் கயிற்றோடு உள்ளே வந்தான்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றாள் வெரேனா.

அவன் கயிற்றை மேசைமேல் வைத்தான். போனைப் பார்த்தான். "கிரெசென்ஸா?"

"சூப்பு நல்லா இருந்துச்சாமே."

"வெரேனா..."

"பன்னெண்டு வருஷம்டா. நான் பனிக்குள்ள புதைஞ்சா தோண்டி எடுக்கறவன் நீன்னு நம்பித்தான் வரேன். பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போச்சுன்னா பிணம்தான். என்கிட்டயே பொய் சொல்றவனை எப்படிடா நம்பறது?"

ஆல்பன் உட்கார்ந்தான். "ஏப்ரல்ல நாம இறங்கினப்போ உன் பின்னாடிதான் வந்தேன். நீ வலது காலை நம்பி ஒரு தடவகூடத் திரும்பல. எண்ணிக்கிட்டே வந்தேன்."

வெரேனாவின் கை மேசைக்கடியில் வலது முழங்காலுக்குப் போனது.

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்ப. பொய் சொன்னவளைக் கூட்டிட்டுப் போக என்னால முடியாது. அதனால கேக்கல. நீ அங்க விழுந்தா ஒத்தை ஆளா என்னால உன்னைக் கீழ கொண்டுவர முடியுமான்னு பாக்கப் போனேன்."

"முடியுமா?"

"முடியும். கஷ்டம், ஆனா முடியும். இடம் இடமா நின்னு பாத்துட்டேன்."

வெரேனாவுக்கு அழுகையும் அவமானமும் ஒன்றாக வந்தன. இத்தனை நேரம் இவனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கினாள். இந்தக் காலோடு தன்னை ஒரு சுமையாக அளந்து பார்த்திருக்கிறான் என்று கொதித்தாள். (இரண்டில் எது பெரியது என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வந்தது.)

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். இருவரும் சிரித்து ரொட்டியை வெட்டியிருக்கலாம். ஆனால் ஆல்பன் வரைபடத்தை மடிக்காமல் அவளையே பார்த்தான்.

"இப்ப நீ சொல்லு. நான் புதைஞ்சா? அந்தக் காலோட என்கிட்ட வந்து சேர்ந்து, பதினஞ்சு நிமிஷத்துல என்னைத் தோண்டி எடுப்பியா?"

வெரேனா வாயைத் திறந்தாள்.

அவள் "எடுப்பேன்" என்று சொல்லும் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் அவளை நான் நம்பவில்லை. "தெரியாது" என்று சொல்லும் இன்னொன்றும் இருக்கிறது. அதில் நாலு வருட ஆசை அந்த மேசையிலேயே முடிந்துபோகிறது, அவளும் இனி எந்த உச்சிக்கும் போகப் போவதில்லை. அதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை. எழுதிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, ஆல்பனின் இடத்தில் நீங்கள் அந்தச் சரிவில் இறங்க வேண்டும். மேலே நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் வெரேனா.