பச்சைக்கு ஆட்சேபணை இல்லை

அந்த லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் அவளுக்கு 'ஆட்சேபணை அக்கா' என்று பேர். திங்கட்கிழமை மீட்டிங்கில் யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்டுகளைச் சோதிக்கிறவள். அவள் "அதெப்படி" கேட்ட இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு போல்ட் லூசாகத்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் எப்போது பார்த்தாலும் சரியாகச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

மேனேஜருக்கு மீட்டிங் சீக்கிரம் முடிய வேண்டும். அதற்காக ஒரு பயிற்சிக்காரரை வரவழைத்தார். அவர் நாற்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்து, எல்லோருடைய சுபாவத்தையும் நாலு நிற அட்டைகளாகப் பிரித்தார். சிவப்பு என்றால் முடிவெடுக்கிற ஆள். மஞ்சள், பேசிப் பேசியே உற்சாகம் ஊட்டுகிற ஆள். நீலம், விவரம் பார்க்கிற ஆள். பச்சை, எதற்கும் ஒத்துப்போகிற சாந்த சொரூபி. மனுஷ சுபாவம் என்ன, பெயின்ட் கடையா என்று கேட்டிருக்க வேண்டியவள் அன்றைக்குக் கேட்கவில்லை.

கணவர் இறந்து மூன்று வாரம் கழித்து, அன்றைக்குத்தான் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனிதர், டம்ளரை மேடையில் வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வளவுதான். அழுகை வரும் வரும் என்று சொந்தபந்தம் காத்திருந்தது. வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது.

'உங்கள் கருத்தை மற்றவர் மறுத்தால்?' என்று தாளில் கேட்டிருந்தது. 'பரவாயில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். 'கடைசி நிமிஷத்தில் திட்டம் மாறினால்?' அதற்கும் பரவாயில்லை. நாற்பது கேள்விக்கும் அதே கட்டம்தான். பயிற்சிக்காரர் தாளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தப் பச்சையைப் பார்த்ததே இல்ல!"

அறையில் இருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவராவது வாய் திறந்திருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர்கள்தான். ஆனால் தானாக வந்த சௌகரியத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? மேனேஜரே பச்சை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

'பச்சைக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள், அவர்கள் சபையில் மறுத்துப் பேச மாட்டார்கள்' என்றுதான் பயிற்சிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் முன்பாதியை மறந்துவிட்டு, பின்பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். மீட்டிங் குறிப்பேட்டில் ஒரு வரியை அச்சடித்தே வைத்துவிட்டார்கள்: 'பச்சை: ஆட்சேபணை இல்லை.' இப்போதெல்லாம் இருபது நிமிஷத்தில் மீட்டிங் முடிந்தது. எல்லோரும் டீ சூடாகக் குடித்தார்கள்.

ஐந்தாவது திங்கட்கிழமை, கண் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அதைத் தாங்குகிற நாலு கம்பிக் கயிற்றில் இரண்டு நைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தவள் அவள்தான். ஒரு சாண் நீளத்தில் பதினாலு கம்பி இழை அறுந்திருப்பதாகத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"புதுக் கயிறு ஆர்டர் போட்டாச்சு. வர ஆறு வாரம் ஆகும்" என்றார் நீல அட்டைக்காரரான ஸ்டோர் கீப்பர்.

"மத்த ரெண்டு கயிறு தாங்கும். அதுவரைக்கும் ஓடட்டும்" என்றார் சிவப்பு அட்டைக்காரரான தலைமை மெக்கானிக். "அக்கா, நீங்க நாளைக்குப் போய், லிஃப்ட் ஓடலாம்னு பாஸ் அட்டையில ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடுங்க."

தாங்கும்தான். ஆனால் அந்தத் தொழிலில் 'தாங்கும்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது. இது அவளுக்குத் தெரியும். நோட்டு மடியிலேயே இருந்தது. பயம் எதுவும் இல்லை. வாயைத் திறக்க ஒரு காரணம்தான் அகப்படவில்லை.

"சரி" என்றாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் மோட்டார் அறையைத் திறந்து, பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கு முன் ஒரு தடவை எண்ணுவது பழக்கம். எண்ணினாள். பத்தொன்பது. நாலு நாளில் ஐந்து இழை கூடுதலாக அறுந்திருந்தது. யோசிக்கக்கூட இல்லை, லிஃப்ட் காலியாகக் கீழே நிற்பதைப் பார்த்துக்கொண்டு கை தானாகப் போய் மெயினை அணைத்தது. பூட்டுப் போட்டு, மாடி மாடியாக 'பழுது' பலகையை மாட்டிக்கொண்டே இறங்கினாள். கீழே வந்து மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"லிஃப்ட நிறுத்திட்டேன். பத்தொம்பது இழை போயிடுச்சு."

"நேத்து முடிவு பண்ணினப்ப நீங்களும்தானே இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல. ரெண்டும் தப்பு."

"ஆஸ்பத்திரிக்காரங்க என்னைப் பிடிச்சுக் காய்ச்சிடுவாங்க. முதல்ல போட்டு விடுங்க, பேசிக்கலாம்."

"முடியாது. மத்த கிளைகள்ல கயிறு இருக்கான்னு கேளுங்க."

பழைய நாளாக இருந்தால் இந்த 'முடியாது'வில் பொறி பறந்திருக்கும். இப்போது மணி சொல்வதுபோல் சொன்னாள். மேனேஜர் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார். அவள் லிஃப்ட் கதவை மறித்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் முணுமுணுத்தபடி படியேறினார்கள். ஒரு கனத்த மனிதர் மட்டும் நின்றுவிட்டார். அவர் தோளைப் பிடித்தபடி, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட மனைவி.

"மூணாவது மாடி! இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இவ எப்படி ஏறுவா?"

"கயிறு சரியில்லைங்க. சக்கர நாற்காலியில தூக்கிட்டுப் போக ஆள் கேட்டிருக்கேன்."

"உனக்கென்னம்மா! நாள் பூரா நாற்காலியைத் தேய்ச்சிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் புருஷன்கிட்ட இதையெல்லாம் கதையாச் சொல்லிச் சிரிப்ப!"

உண்மைதான். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்தாள். யாரை மடக்கினாள், யார் என்ன திட்டினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். இந்த மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கனத்த குரல், மூணாவது மாடி என்று மனசு அதுபாட்டுக்கு அடுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் சாயங்காலம் வீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வேறென்னவோ சத்தம் வந்தது. முதலில் அது தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மனிதர் ஆடிப்போனார். "ஐயையோ! சரி விடும்மா, நாங்க படியிலயே போயிக்கறோம்."

"உங்க வாய் இருக்கே!" என்று மனைவி அவரை அதட்டிவிட்டு, கையால் துழாவி வந்து அவள் தோளைத் தொட்டாள். "இவருக்கு வாய்தான்மா, மனசுல ஒண்ணும் கிடையாது. இதுக்குப் போயா அழுவாங்க?"

"அதுக்கில்லம்மா." மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாரு."

"எப்பம்மா?"

"இப்பத்தான்" என்றாள் அவள்.